இருபத்தாறு வாரக் கணக்கு

என் இருபத்திரண்டாவது வயதில் திருச்சியில் ஒரு காரியாலயத்தில் தாற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். காரியாலயத்தின் பெயர் இப்போது எதற்கு? உத்தியோக உத்தரவில் 89 நாள் என்று போட்டிருந்தது. அது ஏன் 90 ஆக இல்லை, 100 ஆக இல்லை என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. சம்பளம் வருகிறவன் சந்தேகம் கேட்பானா?

89-ஆவது நாள் சாயங்காலம் தலைமைக் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, நாளைக்கு நீங்கள் வர வேண்டாம். நாளை மறுநாள் வாருங்கள். புது உத்தரவு தருகிறேன்."

"ஏன் சார்? என் வேலையில் ஏதாவது குறையா?"

"சேச்சே! குறை என்று யார் சொன்னது? இது வெறும் கணக்கு. 90 ஆகிவிட்டால் நாளைக்கு நீங்கள் வந்து பாத்தியதை கேட்பீர்கள். 89 என்றால் கேட்க முடியாது பாருங்கள்!"

சொந்தத் தம்பிக்கு உலக நியாயம் சொல்லிக்கொடுப்பதுபோல்தான் சொன்னார். மறுநாள் முழுவதும் அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவேரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் புது உத்தரவு கிடைத்தது. இன்னொரு 89 நாள். அதுவும் முடிந்து, ஒரு நாள் படித்துறையில் கழித்துவிட்டுத் திரும்பிப் போனபோது என் நாற்காலியில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் 89 நாள்தான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

தலைமைக் குமாஸ்தாவின் மேல் இருந்த கோபம் காலப்போக்கில் ஆறிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் ஆறவில்லை. ஒரு மனிதன் இத்தனை நாள் உழைத்தால் அவனுக்குப் பாத்தியதை உண்டு, ஒரு நாள் குறைந்தால் இல்லை என்று கோடு கிழிக்கிற வழக்கம் உலகத்தில் எங்கே ஆரம்பித்தது? யார் ஆரம்பித்தார்கள்? கெட்ட எண்ணத்துடனா, நல்ல எண்ணத்துடனா?

பல வருஷங்களுக்குப் பிறகு, எழுத நினைத்து எழுதாமலே விட்டுவிட்ட ஒரு நாவலுக்காக லண்டன் துறைமுகத்தைப் பற்றிப் படிக்கக் கன்னிமாரா நூல் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். நாவல் கிடைக்கவில்லை, என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. வேலை இழந்தவனுக்கு உதவித்தொகை கொடுப்பது என்று பிரிட்டன் 1911-ல் செய்த சட்டத்தில் அந்தக் கோடு இருந்தது. அதைக் கிழித்தவர்கள் நல்ல எண்ணத்துடன்தான் கிழித்தார்கள்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த நல்ல எண்ணம் புரியும். 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டம்தான் அங்கே வேலையற்றவனுக்கு இருந்த கதி. கையும் காலும் நன்றாக இருக்கிறவன் வேலையில்லை என்று வந்து நின்றால் அவனை ஏழைகள் விடுதிக்குள் அடைப்பார்கள். அல்லது கல் உடைக்கச் சொல்லிப் பிறகு ஏதாவது கொடுப்பார்கள். உதவி வாங்கியவனுக்கு ஓட்டுரிமை கிடையாது. 1918 வரையில் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. வேலையில்லாமை என்பது ஒரு குணக்கேடு; சோம்பேறிக்கும் குடிகாரனுக்கும் வருவது என்பதுதான் அன்றைய பெரிய மனிதர்களின் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பைப் புரட்டியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. வில்லியம் பெவரிட்ஜ் 1879-ல் வங்காளத்தில் ரங்பூரில் பிறந்தவர். இந்தியா சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருவரின் மகன். அவர் 1909-ல் ஒரு புத்தகம் எழுதினார். வேலையில்லாமை தொழில் அமைப்பைச் சேர்ந்த பிரச்னை என்பதைப் புத்தகத்தின் பெயரிலேயே சொல்லிவிட்டார். அதற்கு அவர் காட்டிய சாட்சிகளில் முக்கியமானது லண்டன் துறைமுகம். காலையில் வாசலில் கூட்டம் கூடும். மேஸ்திரி வந்து தேவையான பேரைப் பொறுக்கிக்கொள்வார். மீதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாளைக்கு வேறு இரண்டு கப்பல் வந்தால் ஆள் வேண்டுமே என்று ஒவ்வொரு வாசலும் தனக்கென்று ஒரு கூட்டத்தைக் காத்திருக்க வைத்திருந்தது. அத்தனை பேரும் உத்தமர்களாகவே இருந்தாலும் அன்றைக்கு வேலை அத்தனை பேருக்கு இல்லை. அப்படியானால் இதில் குணம் எங்கே வந்தது?

வர்த்தக இலாகாவின் மந்திரியாக அப்போது இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். நம்மவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் வேறு ஞாபகங்கள்தான் வரும். 1943-ன் வங்காளப் பஞ்சத்தை நாம் மறக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் 1909-ல், முப்பத்துநான்கு வயது லிபரல் மந்திரியாக, அவர் இந்த விஷயத்தில் பேசிய நியாயத்தைச் சொல்லாமல் விடுவதும் சரியல்ல. பெவரிட்ஜைத் தம் இலாகாவுக்குள் இழுத்துக்கொண்டார். 1910 பிப்ரவரி முதல் தேதி, வேலை தேடுகிறவனையும் ஆள் தேடுகிறவனையும் சந்திக்க வைக்கிற லேபர் எக்ஸ்சேஞ்சுகள் திறக்கப்பட்டன. அடுத்தது இன்ஷூரன்ஸ்.

அப்போது ஒரு வாதம் எழுந்தது. குடித்துவிட்டு வந்து வேலையை இழந்தவனுக்கும் பணம் கொடுப்பதா? கொடுக்கத்தான் வேண்டும் என்றார் சர்ச்சில். அவன் சந்தா கட்டியிருக்கிறான். அவனுக்கு வேலை போய்விட்டது. இந்த இரண்டும்தான் நமக்கு வேண்டும். குடித்ததற்குத் தண்டனையாக வேலை போயிற்று. சந்தாவையும் எதற்காகப் பறிப்பது? ஒழுக்கத்தையும் கணிதத்தையும் கலப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு குறிப்பில் எழுதி வைத்தார்.

இதைப் படித்தபோது எனக்குத் திடுக்கிட்டது. 'குறை இல்லை தம்பி, வெறும் கணக்கு' என்று எங்கள் தலைமைக் குமாஸ்தா சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைதான்! ஆனால் சர்ச்சில் அதைச் சொன்னது ஒருவனை உள்ளே அழைப்பதற்காக. நம்மவர் சொன்னது வெளியே அனுப்புவதற்காக.

1911-ன் இன்ஷூரன்ஸ் சட்டம் லாயிட் ஜார்ஜின் பெயரோடு பிரசித்தமானது. அதன் இரண்டாவது பகுதிதான் வேலையில்லாமையைப் பற்றியது. நாடு முழுவதற்கும் கட்டாயமாகச் செய்த இப்படிப்பட்ட ஏற்பாடு உலகத்திலேயே அதுதான் முதல். கட்டிட வேலை, நிர்மாண வேலை, கப்பல் கட்டுதல், யந்திரத் தொழில், இரும்பு வார்ப்பு, வண்டி கட்டுதல், மரம் அறுத்தல் என்று ஏழு தொழில்கள். சுமார் இருபத்திரண்டரை லட்சம் தொழிலாளிகள். வாரத்துக்குத் தொழிலாளி இரண்டரைப் பென்னி, முதலாளி இரண்டரைப் பென்னி. இரண்டும் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கார். 1912 ஜூலையில் வசூல் ஆரம்பம். 1913 ஜனவரியில் பட்டுவாடா ஆரம்பம். வாரத்துக்கு 7 ஷில்லிங். முதல் வாரம் கிடையாது. வருஷத்தில் 15 வாரத்துக்கு மேல் கிடையாது.

சந்தா கட்டுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தபால் தலை மாதிரி ஒரு ஸ்டாம்பு. வாரா வாரம் முதலாளி அதை வாங்கித் தொழிலாளியின் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். வேலையை விட்டு நிறுத்தினால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிற்காலத்தில் இந்த ஸ்டாம்புகள் அட்டையில் ஒட்டப்பட்டன. 'அட்டையை வாங்கிக்கொண்டான்' என்றால் வேலை போய்விட்டது என்று அந்த நாட்டுப் பேச்சில் அர்த்தம்.

இப்போது கோட்டுக்கு வருவோம். உதவி கேட்கிறவன், முந்தின ஐந்து வருஷங்களில் குறைந்தபட்சம் 26 தனித்தனி வாரங்களாவது இந்தத் தொழில்களில் வேலை செய்திருக்க வேண்டும். அப்புறம், ஐந்து வாரச் சந்தாவுக்கு ஒரு வார உதவி. அவ்வளவுதான் கணக்கு.

இதில் ஒரு அழகு இருக்கிறது. 26 வாரமும் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டும் என்றோ, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. இங்கே ஆறு வாரம், அங்கே நாலு வாரம் என்று கொத்து வேலை செய்கிறவனும் சில்லறை சில்லறையாகச் சேர்த்து உள்ளே வரலாம். ஐந்து வாரம் வேலை செய்தவன் தன் பையிலிருந்து கொடுத்தது ஒரு ஷில்லிங்கும் அரைப் பென்னியும். அவனுக்குத் திரும்பி வருவது ஏழு ஷில்லிங். கேட்டு வாங்குகிற பிச்சை அல்ல அது. எண்ணி வாங்குகிற கடன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அவன் மனசை ஆராய வேண்டியதில்லை. ஸ்டாம்பை எண்ணினால் போதும்.

ஆனால் ஒழுக்கத்தை அடியோடு வெளியே நிறுத்த முடியவில்லை. நடத்தைக் கோளாறினால் வேலையை இழந்தவனுக்கும், தக்க காரணம் இல்லாமல் தானே விட்டுவிட்டவனுக்கும் ஆறு வாரம் உதவி கிடையாது என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். கதவு சற்றுத் திறந்தால் போதாதா? ஒழுக்கம் பின்னால் முழுசாகவே உள்ளே வந்தது.

யுத்தம் வந்து போயிற்று. 1920-ல் விவசாயம், வீட்டு வேலை போன்ற சிலவற்றைத் தவிர அநேகமாக எல்லாத் தொழிலாளிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே குளிர்காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. 1921-ன் நடுவில் 20 லட்சம் பேருக்கு மேல் வேலையில்லை. அவர்களில் பலர் புத்தகத்தில் இரண்டு ஸ்டாம்பு, மூன்று ஸ்டாம்பு மட்டும் ஒட்டியவர்கள். யுத்தத்திலிருந்து திரும்பி வந்த சிப்பாய்களைப் போய் ஏழைகள் விடுதிக்குப் போ என்று எந்த மந்திரி சொல்வான்? ஆகவே ஸ்டாம்பு தீர்ந்தவர்களுக்கும் உதவியை நீட்டினார்கள். நீட்டியபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: அவன் மனப்பூர்வமாக வேலை தேடுகிறவனாக இருக்க வேண்டும்.

மனப்பூர்வம் என்பதை எந்த ஸ்டாம்பைக் கொண்டு எண்ணுவது? நேற்று எந்த மில்லுக்குப் போனாய்? எந்த வாசலில் நின்றாய்? எத்தனை மணிக்கு? யாரைக் கேட்டாய்? வேலை இல்லை என்று ஊருக்கே தெரிந்திருக்கும். எக்ஸ்சேஞ்சுக்கே தெரியும். இருந்தாலும் அவன் வாசல் வாசலாகப் போக வேண்டும். பதில் சொல்வதற்குப் பெயர்கள் வேண்டுமே! 1924-ல் இந்த நிபந்தனையை எல்லோருக்குமாக, ஸ்டாம்பு நிறைய வைத்திருந்தவனுக்கும் சேர்த்து, விதித்தது முதல் தொழிற்கட்சி சர்க்கார் என்பதுதான் வேடிக்கை. 1930-ல் அதை எடுத்தெறிவதற்குள் அந்த ஒன்பது வருஷங்களில் சுமார் 30 லட்சம் மனுக்கள் 'மனப்பூர்வம் போதாது' என்று தள்ளப்பட்டிருந்தன.

கணக்கு மட்டும் பரிசுத்தமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. துறைமுகத் தொழிலாளிகளிடம் ஒரு பேச்சு வழங்கிற்று: கொக்கியில் மூன்று நாள், புத்தகத்தில் மூன்று நாள். கொக்கி என்பது மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி. புத்தகம் என்பது எக்ஸ்சேஞ்சில் இருக்கிற ஸ்டாம்புப் புத்தகம். ஆறு நாளில் மூன்று நாள் வேலையில்லாமல் இருந்தால் அந்த மூன்று நாளுக்கும் உதவி உண்டு. நாலாவது நாள் மேஸ்திரி கூப்பிட்டால்? போனால் ஒரு நாள் கூலி வரும். மூன்று நாள் உதவி போய்விடும். போகாதவனைச் சோம்பேறி என்றார்கள். என்னைக் கேட்டால், கூட்டல் கழித்தல் தெரிந்தவன் என்பேன். குறுகிய கால வேலைக்குப் போனவனை அந்த வேலையே தண்டிக்கிற மாதிரி ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, அவனுடைய குணத்தைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

1928-ல் கோடு இன்னும் தள்ளிப் போயிற்று. முந்தின இரண்டு வருஷத்தில் 30 ஸ்டாம்புகள் வேண்டும். அது இல்லாதவர்களுக்கு, இரண்டு வருஷத்தில் 8, அல்லது ஆயுளில் எப்போதாவது 30 இருந்தால் போதும் என்று இடைக்கால ஏற்பாடு ஒன்றும் இருந்தது. அந்த ஏற்பாட்டின் மேல்தான் 1931-ல் இடி விழுந்தது.

அந்த வருஷத்துக் கோடையில் மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் தொழில் மந்திரி. பிரிட்டிஷ் மந்திரிசபையில் இடம்பெற்ற முதல் பெண்மணி. அவர் கொண்டுவந்த ஒரு சட்டம், விட்டுவிட்டு வேலை செய்கிறவர்களையும் கல்யாணமான பெண்களையும் குறிவைத்தது. மில்லில் பத்து வருஷம் ஸ்டாம்பு ஒட்டிய பெண்ணானாலும் தாலி ஏறியபின், அவர்கள் ஊர் வழக்கத்தில் மோதிரம் ஏறியபின், புதிதாகச் சம்பாதித்த ஸ்டாம்புகளைக் காட்ட வேண்டும். காட்ட முடியாமல் தள்ளப்பட்ட பெண்கள் லட்சத்துக்கு மேல்.

ஆகஸ்டில் உதவித்தொகையைக் குறைப்பதா வேண்டாமா என்ற சண்டையில் அந்த மந்திரிசபையே உடைந்தது. பின்னால் வந்த தேசிய சர்க்கார் ஆண்களுக்கான 17 ஷில்லிங்கை 15 ஷில்லிங் 3 பென்னியாகக் குறைத்தது. அதோடு, 30 ஸ்டாம்பு இல்லாதவர்களையும், 26 வார உதவியைத் தின்று தீர்த்தவர்களையும் நவம்பர் முதல் ஒரு புதிய பரீட்சைக்கு அனுப்பிற்று. குடும்ப வருமானப் பரீட்சை.

30 ஸ்டாம்பு வைத்திருந்தவன் கவுண்டரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போவான். 29 வைத்திருந்தவனின் வீட்டுக்கு அதிகாரி வருவார். பழைய ஏழைகள் சட்டத்தின் வாரிசுகளான உள்ளூர்க் கமிட்டிகள் அனுப்புகிற அதிகாரி. மகன் சம்பாதிக்கிறானா? எவ்வளவு? மகள்? தாத்தாவுக்குப் பென்ஷன் உண்டா? பாங்கில் ஏதாவது போட்டிருக்கிறாயா? வீட்டில் யாராவது நாலு காசு கொண்டுவந்தால் அந்த நாலு காசு உதவியில் குறையும். அப்பாவுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியேறி வேறு இடத்தில் குடியிருந்தார்கள். குடும்பத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் குடும்பத்தைப் பிரித்தது. சால்ஃபோர்டு நகரத்தைச் சேர்ந்த வால்டர் கிரீன்வுட், தாமே வேலையில்லாமல் இருந்த காலத்தில் எழுதி 1933-ல் வெளியிட்ட நாவல் இந்த நாட்களைப் பற்றியதுதான்.

அந்த 29-ஐக் கண்டதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அது என் 89 அல்லவா?

மீதிக் கதை சுருக்கமானது. குடும்பம் முழுவதையும் சோதிக்கிற அந்தப் பரீட்சையை 1941-ல் எடுத்துவிட்டார்கள். 1942 டிசம்பரில், ரங்பூரில் பிறந்த அதே பெவரிட்ஜ் தம்முடைய பிரசித்தமான அறிக்கையைக் கொடுத்தார். அதை வாங்க ஜனங்கள் லண்டனில் வரிசையில் நின்றார்கள். அதை அடியொற்றிய 1946-ன் சட்டம் 1948 ஜூலை 5 முதல் அமலுக்கு வந்தது. வேலையில்லா உதவிக்கு முதல் நிபந்தனை என்ன தெரியுமா? 26 ஸ்டாம்புகள்! முப்பத்தைந்து வருஷம் சுற்றிவிட்டுப் பழைய எண்ணுக்கே திரும்பி வந்தார்கள். ஒன்று மட்டும் நன்றாகச் செய்தார்கள்: முழு உதவிக்கு முந்தின வருஷத்தில் 50 ஸ்டாம்புகள் வேண்டும் என்றார்கள், ஆனால் வேலையில்லாமல் முறைப்படி பதிவு செய்திருந்த வாரங்களையும் ஸ்டாம்பு ஒட்டிய வாரங்களாகவே வரவு வைத்தார்கள். வேலையில்லாத நாள் வீண் நாள் அல்ல என்று ஒரு சர்க்கார் கணக்குப் புத்தகம் ஒப்புக்கொண்டது. துறைமுகத்திலும் 1947 முதல், வேலைக்கு வந்து நின்றவனுக்கு வேலை இல்லாவிட்டாலும் ஒரு தொகை கிடைத்தது; அந்த ஏற்பாடு 1989 வரையில் இருந்தது. ஸ்டாம்பு ஒட்டுகிற வழக்கம் 1975-ல் மறைந்தது. வேலையில்லா உதவி என்ற அந்தப் பழைய பெயரும் 1996-ல் போயிற்று.

நம் நாட்டிலும் கோடு கிழிக்காமல் இல்லை. தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ல் சேர்த்த பிரிவுகள், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் நஷ்ட ஈடு உண்டு என்றன. கோடு எங்கே இருக்கிறதோ, அதற்கு ஓரடி முன்னால் யாராவது ஒரு தலைமைக் குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கத்தான் செய்வார்.

அப்படியானால் கோடே வேண்டாம் என்கிறேனா? இல்லை. என் மனசை ஒருவர் திறந்து பார்த்து 'இவன் யோக்கியன்' என்று சீட்டு எழுதுவதைவிட, என் நாட்களை எண்ணுவதே மேல். எண்ணிக்கையில் மானம் இருக்கிறது. சர்ச்சில் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் எண்ணுகிறவன், கிடைத்த சில்லறையையெல்லாம் கூட்டிச் சேர்த்துக்கொள்கிற மாதிரி எண்ண வேண்டும். ஒன்றைக் கழித்துவிட்டால் மீதி எல்லாமே செல்லாது என்கிற மாதிரி எண்ணக் கூடாது.

முதல் 89 முடிந்த மறுநாள் சாயங்காலம் படித்துறையிலிருந்து வீட்டுக்குப் போனேன்.

"இன்றைக்கு லீவாடா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

லீவு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. இலை போட்டாள். அப்பாவின் பென்ஷனில் வாங்கிய அரிசி. இரண்டாவது 89-க்கு அப்புறம் ஏழெட்டு மாதம் அந்த அரிசியைத்தான் சாப்பிட்டேன். 1931-ல் சால்ஃபோர்டில் என்றால் ஓர் அதிகாரி அந்த இலையின் எதிரில் நின்று, இந்த வீட்டில் சோறு இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போயிருப்பார். இங்கே குறித்துக்கொள்ள யாரும் வரவில்லை. வந்தால்தானே கொடுக்கவும் ஏதாவது இருக்கும்! ஒவ்வொரு கவளமாக நானே எண்ணிக்கொண்டேன்.